கேட்கத் தெரிந்தவர்கள் தேவை

(சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டி நிகழ்வொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் மருத்துவமனைச் சமூகப்பணி, மனநல ஆலோசனை, குழந்தைப் பாதுகாப்பு என்று நல்ல நல்ல வேலைகளைப் பற்றிச் சொன்னார்கள். அந்த வேலைகளுக்கெல்லாம் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்திருக்கிறது. நிதி திரட்டுவதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசப்போகிறேன்.

தலைப்பைக் கேட்டதும் சிலர் முகம் சுருங்குவதைப் பார்க்கிறேன். “எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலையவா?” என்று வீட்டில் கேட்பார்கள். கேட்டால் அதில் தப்பில்லை. ஒருவர் முன்னால் போய்க் கை நீட்டுவதை இழிவாக நினைப்பவர்கள் நாம். திருக்குறளில் ‘இரவச்சம்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் அது 107-ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய 106-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘இரவு’. எப்படிப்பட்டவரிடம் கேட்கலாம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்பதற்கு அஞ்சச் சொல்கிறார் வள்ளுவர். இரண்டையும் சேர்த்துப் படித்தால் இந்தத் தொழிலின் இலக்கணம் கிடைத்துவிடும். கேட்கவும் தெரிய வேண்டும். கேட்பதில் கொஞ்சம் கூச்சமும் மிச்சம் இருக்க வேண்டும். கூச்சம் அறவே போனவர்களால் இந்தத் தொழிலுக்கு வந்த கெட்ட பெயரைப் பிறகு சொல்கிறேன்.

இது ஏதோ வெளிநாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமுதசுரபிப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதில் முதல் பிச்சையை யாரிடம் ஏற்பது என்ற கேள்வி எழுகிறது. ஆதிரையின் வீட்டுக்குப் போகச் சொல்கிறாள் காயசண்டிகை. புகார் நகரமே மதிக்கும் அந்தப் பெண் இட்ட பிறகுதான் பாத்திரம் வற்றாமல் சுரக்கிறது. நிதி திரட்டும் எந்தத் திட்டத்திலும் இன்றைக்கும் முதல் கேள்வி அதுதான்: முதலில் கொடுக்கப்போவது யார்? ஊர் மதிக்கும் ஒருவர் கொடுத்துவிட்டால் அடுத்தவர் யோசிக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

அடுத்து விருதுநகருக்கு வாருங்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து வளர்ந்த பள்ளி. உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது சேர்ந்து பள்ளிக்குப் போகும். வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கும் மகமையும் இப்படித்தான். இதில் மூன்று நுட்பங்கள் இருக்கின்றன. கொடுப்பவருக்கு வலிக்காத அளவு. தவறாமல் தொடரும் பழக்கம். பணக்காரர் ஏழை என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் பள்ளியில் ஒரு பாத்தியதை. இன்று வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாக ஐந்நூறு ரூபாய் கழியும்படி நன்கொடையாளரிடம் ஒப்புதல் வாங்குகிறோமே, அதன் தாய் இந்தப் பிடியரிசிதான்.

அந்தப் பள்ளியில் படித்தவர் முதலமைச்சரானபோது அதே பாடத்தை மாநிலம் முழுவதும் நடத்திக் காட்டினார். 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதன் முன்னணியில் நின்றார். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். வகுப்பறை, பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சீருடை. கட்டடம் தருபவரும் இருந்தார். பானை தருபவரும் இருந்தார். மாநாட்டு மேடையில் ஊரார் முன்னால் ஒப்புக்கொண்டார்கள். “பள்ளிக்கு உதவுங்கள்” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். “இந்தப் பள்ளிக்கு இத்தனை பெஞ்சு வேண்டும்” என்று கேட்டதால் பெஞ்சு கிடைத்தது. திட்ட அறிக்கை எழுதப்போகும் மாணவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

காந்தியடிகளைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறையாது. 1921-இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் இலக்கு. ஜூன் 30 கெடு. கெடுவுக்குள் கோடி சேர்ந்தது. 1927-இல் கதர் நிதிக்காகத் தமிழ்நாட்டில் சுற்றினார். அந்த நவம்பரில் இலங்கைக்கும் போனார். தமக்குக் கொடுத்த வரவேற்புப் பத்திரங்களையே மேடையில் ஏலம் விடுவார். எதற்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற மூன்றையும் அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி வழியே பணம் திரட்டி, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அன்று அங்கே இருந்தவை 12 படுக்கைகள். மருத்துவம் செய்த கையை நன்கொடை கேட்டு நீட்டியதில் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

இவர்களெல்லாம் தலைவர்கள், சம்பளத்துக்குச் செய்யவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இது சம்பளத் தொழிலாக உருவானது அமெரிக்காவில். 1905-இல் வாஷிங்டனில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்காகச் சார்லஸ் சம்னர் வார்டு, லைமன் பியர்ஸ் என்ற இருவர் நடத்திய இயக்கத்தைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். குறுகிய கெடு, தொண்டர் குழுக்கள், நாளிதழ் விளம்பரம், சேர்ந்த தொகையைக் காட்டும் பெரிய கடிகாரம் என்று ஒரு முறையே உருவானது. 1960-இல் இந்தத் தொழிலுக்கு அங்கே ஒரு சங்கம் ஏற்பட்டது. பின்னால் அதற்கு ஒழுக்க விதிகளும் தேர்வுகளும் வந்தன.

இந்தியாவில் 1979-இல் மும்பையில் ரிப்பன் கபூரும் நண்பர்களும் தொடங்கிய ‘க்ரை’ அமைப்பு வாழ்த்து அட்டைகளை விற்றே நடுத்தர வர்க்கத்தைக் கொடையாளர்களாக்கியது. அதன் பிறகு பெரிய திருப்பம் 2014 ஏப்ரல் 1. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்த நாள். 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள நிறுவனம் தன் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது சட்டம். நிறுவனச் சமூகப் பொறுப்பைக் குறிக்கும் சி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்து அன்று முதல் ஒவ்வொரு தொண்டு நிறுவனத்தின் வாயிலும் புழங்குகிறது. அந்தப் பணத்தை முறையாகக் கேட்கவும், பெற்றபின் கணக்குக் காட்டவும் ஆள் தேவைப்பட்டது. உங்களுக்கான வேலை அங்கேதான் பிறந்தது.

சரி, இந்த வேலையில் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்? இதற்குள்ளேயே நாலைந்து வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, பொதுமக்களிடம் நேரில் கேட்பது. வணிக வளாகத்திலும் ரயில் நிலையத்திலும் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்று பேசும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். பலரும் நுழையும் வாசல் இதுதான். கால் வலிக்கும், நூறு பேர் முகம் திருப்பிக்கொண்டு போவார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் அரை நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லும் திறமை இங்கே கிடைப்பதுபோல் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. இரண்டாவது, தொலைபேசி, இணையம், க்ரௌட்ஃபண்டிங். மூன்றாவது, பெருங்கொடையாளர்களைப் பார்ப்பது. நான்காவது, சி.எஸ்.ஆர். துறைகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் திட்ட அறிக்கை எழுதுவது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஐந்தாவதாக ஒரு வேலை இருக்கிறது: நன்கொடையாளர் பட்டியலைப் பராமரித்து, ரசீது அனுப்பி, நன்றி சொல்லி, அறிக்கை கொடுப்பது. வெளியே தெரியாத வேலை. ஆனால் ஒரு நிறுவனம் நிலைப்பதும் கவிழ்வதும் இதில்தான்.

இதை நம்மூர் வழக்கம் ஒன்றைக்கொண்டு சொல்கிறேன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து நடப்பது உங்களுக்குத் தெரியும். யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் எழுதுவார்கள். அந்தத் தொகை என்றைக்கானாலும் திரும்பிப் போயாக வேண்டும். நன்கொடை அப்படித் திரும்பிப் போவதில்லை. பணம் திரும்பாத இடத்தில் செய்தியாவது திரும்ப வேண்டும். “நீங்கள் கொடுத்தது வந்து சேர்ந்தது, இன்னதற்குச் செலவானது, இன்ன பலன் கிடைத்தது, இது நினைத்தபடி நடக்கவில்லை” என்ற நான்கு செய்திகள். நான்காவதைச் சொல்லத் துணிந்த நிறுவனத்துக்குத்தான் அடுத்த ஆண்டும் பணம் வருகிறது என்பது என் அனுபவம். முதன்முறை கொடுத்தவர் இரண்டாம் முறை கொடுக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பணமுடையாக இருப்பதில்லை. கொடுத்த பிறகு அவரோடு யாரும் பேசவில்லை என்பதே காரணமாக இருக்கிறது.

கேட்பதைவிடக் காது கொடுப்பதே இதில் பெரிய வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிறுவனம் முதியோர் இல்லத்துக்குப் பணம் தேடுகிறது. அவரோ வாழ்நாள் முழுவதும் பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுபோவதைப் பார்த்து மனம் வெந்தவர். அவரிடம் முதியோர் இல்லத்தைத் திணித்தால் மரியாதைக்கு ஆயிரம் ரூபாய் தருவார். அவர் பேசுவதை ஒரு மணி நேரம் கேட்டால், கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் ஏற்கெனவே இருப்பது தெரியும். உங்களிடம் மாலைநேரப் படிப்பகம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால், அதை நன்றாக நடத்தும் வேறு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்கு உங்கள் கணக்கில் ஒன்றும் ஏறாது. உங்கள் சொல்லுக்கு மட்டும் மதிப்பு ஏறும்.

ஒரு முழு முயற்சி எப்படி நடக்கிறது என்பதற்குத் தமிழர் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு ஹார்வர்டு தமிழ் இருக்கை. தேவை 60 லட்சம் டாலர். அது செலவழிக்கும் பணம் இல்லை. முதலை வைத்துக்கொண்டு வரும் வருமானத்தில் இருக்கையை நடத்துவது. நமக்கு இது புதிதும் இல்லை. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். மந்தை குறையாமல் இருக்கும். நெய் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதே ஏற்பாடுதான் ஹார்வர்டிலும்.

2015-இல் மருத்துவர்கள் விஜய் ஜானகிராமனும் எஸ்.டி. சம்பந்தமும் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கினார்கள். ஆதிரை இட்ட பிச்சை அது. அதன் பிறகு உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 2017-இல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. 2018 மார்ச்சில் இலக்கை எட்டினார்கள். முதல் பெருங்கொடை, தெளிவான ஒரே தொகை, எல்லோருக்கும் புரியும் ஒரு காரணம், இடையில் அரசின் பங்கு என்று பாடநூல் சொல்லும் எல்லாப் படிகளும் அதில் இருந்தன. அடுத்துக் கனடாவில் டொரொண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் கனடிய டாலர் திரட்டும் முயற்சி 2018-இல் தொடங்கி 2021-இல் நிறைவேறியபோது, முன்னது நடந்த வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருமுறை கொடுத்துப் பழகிய சமூகத்திடம் மறுமுறை கேட்பது எளிது.

இனி சட்டம். அலுப்பாக இருக்கும், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் நன்கொடையாளர் முன்னால் போய் உட்காரவே கூடாது. நிறுவனத்துக்கு வருமான வரிப் பதிவு இருக்கிறதா, கொடுப்பவருக்கு 80ஜி என்று பழகிப்போன வரிச் சலுகை கிடைக்குமா என்பது முதல் கேள்வி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை. நிறுவனம் வருமான வரித் துறைக்குக் கணக்கு அனுப்பி நன்கொடைச் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். பணம் பெற 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால், அதை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம். 2020-இல் வந்த திருத்தத்தின்படி அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது. பெரிய நிறுவனத்திடமிருந்து பணம் பெற்று நடந்த சின்னச் சின்னக் கிராம அமைப்புகள் இதனால் திணறின. அவர்களுக்கு இன்று உள்ளூரிலேயே கேட்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

கூச்சம் போனவர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். திரட்டும் தொகையில் இத்தனை சதவீதம் உனக்கு என்று ஆள் வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த வேலையில் சேராதீர்கள். அமெரிக்கச் சங்கத்தின் ஒழுக்க விதிகள் இதை வெளிப்படையாகத் தடுக்கின்றன, காரணம் எளியது. பத்தில் ஒரு பங்கு உங்கள் பைக்கு வருமென்றால், கொடுக்க இயலாத முதியவரிடமும் நீங்கள் விடாமல் பேசுவீர்கள். அவர் கொடுத்தது நோயாளிக்கா உங்களுக்கா என்ற சந்தேகம் அவருக்கு வந்தால், அத்தோடு அவர் எல்லா நிறுவனங்களுக்கும் கதவைச் சாத்திவிடுவார். பிரிட்டனில் முதியவர்களுக்குக் கடிதமும் தொலைபேசி அழைப்புமாக நன்கொடை கேட்டுத் தொல்லை செய்ததில் பொதுமக்கள் கொதித்தெழுந்து, 2016-இல் நிதி திரட்டலைக் கண்காணிக்கத் தனி அமைப்பே ஏற்பட்டது.

இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள். அழும் குழந்தையின் முகத்தைப் படமெடுத்துப் பணமாக்காதீர்கள். அந்தக் குழந்தை நாளை உங்கள் வயதில் அந்தப் படத்தைப் பார்க்கும். அடுத்தது, “நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே பிள்ளைக்குப் போகும்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போகாது. பாடம் நடத்தும் ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு, கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் உண்டு, உங்களுக்கும் உண்டு. இதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கணக்கு எழுத ஆள் வைக்காத நிறுவனத்தை நம்பித்தான் பணம் கொடுக்கக் கூடாது என்று விளக்குங்கள். புரிந்துகொள்வார்கள்.

இந்தத் தொழிலுக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். சமூகப்பணி, வணிகம், இதழியல் எதுவாக இருந்தாலும் சரி. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதத் தெரிய வேண்டும். வரவு செலவுத் திட்டம் போடத் தெரிய வேண்டும். இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால் மிரளக் கூடாது. களத்துக்குப் போய்ப் பார்க்காத திட்டத்துக்குப் பணம் கேட்கக் கூடாது. மார்ச் மாதம் தூக்கம் இருக்காது; நிதியாண்டு முடிகிற வேளையில்தான் நிறுவனங்களும் தனிநபர்களும் முடிவெடுப்பார்கள். பத்து இடத்தில் கேட்டால் ஓரிரண்டு இடத்தில் கிடைக்கும். “இல்லை” என்ற பதிலை உங்களையே மறுத்ததாக எடுத்துக்கொள்பவரென்றால் இந்த வேலை உங்களுக்கு ஆகாது. சிறு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் களப்பணியாளர் சம்பளத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் நன்றாகச் செய்பவருக்குத் தட்டுப்பாடு இருப்பதால் ஏற்றம் விரைவில் வரும்.

நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் நாலு கேள்வி கேளுங்கள். தணிக்கை செய்த கணக்கைக் காட்டுவீர்களா? எனக்கு மாதச் சம்பளமா, சதவீதமா? திட்டம் நடக்கும் இடத்துக்கு நான் போகலாமா? பெரிய நன்கொடையாளரைப் பார்க்கப் போகும்போது நிறுவனத்தின் தலைவர் என்னோடு வருவாரா? நான்கில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கும் நிறுவன நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். நிதி திரட்ட ஆளை எடுத்துவிட்டு மூன்றாம் மாதமே “எவ்வளவு கொண்டுவந்தாய்?” என்று கேட்காதீர்கள். நம்பிக்கை ஏற்படக் குறைந்தது ஓராண்டாவது ஆகும். அந்த ஓராண்டுச் சம்பளத்தைச் செலவாக எழுதாமல் விதைநெல்லாக எழுதுங்கள். மாணவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. உங்கள் நிறுவனத்தின் வேலையில் உங்களுக்கே நம்பிக்கை இருந்தால், முதல் மாதச் சம்பளத்தில் ஒரு சிறு தொகையை அதற்கு நீங்களே கொடுங்கள். அதன் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து கேளுங்கள். கேட்டது கிடைத்தால் கடைசிப் பைசா வரை கணக்குச் சொல்லுங்கள். கேட்கத் தெரிந்த, கணக்குச் சொல்லத் தெரிந்த ஆட்களுக்குத் தமிழ்நாட்டில் வேலை காத்திருக்கிறது. வாருங்கள்.